விருந்தில் ஒரு நாற்காலி

சாரணர் குழுவின் வெள்ளிவிழா விருந்துக்கான கூட்டம் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறையில் நடந்தது. கிழிந்த வலைகளுக்கும் காற்றுப்போன பந்துகளுக்கும் நடுவே பெற்றோர் சிலர், சாரண ஆசிரியர், பிள்ளைகள் சார்பில் அணித்தலைவியான என் மகள். ஒரு விஷயம் மட்டும் பேசாமலே முடிவாகியிருந்தது: சமையல் என் வீட்டுக்காரர். பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர் அவர். யார் வீட்டு விசேஷம் என்றாலும் அவரைத்தான் அடுப்படிக்குத் தள்ளுவார்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கரண்டி பிடித்த கையும் அப்படித்தான்.

"முதல்ல சூப், அப்புறம் ரொட்டி, கோழி வறுவல்..." என்று விரலை மடக்கத் தொடங்கினார்.

மகள் எழுந்தாள். "அப்பா சமைக்க வேண்டாம் சார். நாங்களே சமைக்கறோம்."

பெற்றோரில் ஒருவரான டாக்டரம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "முகாம்ல கஞ்சி காய்ச்சற மாதிரி இல்லம்மா இது."

"நாலு அணி இருக்கோம், பிரிச்சுக்கறோம்."

சாரண ஆசிரியருக்கு வாயெல்லாம் பல். பிள்ளைகள் தாங்களாகச் செய்கிறார்கள் என்றால் வீட்டைக் கொளுத்தவும் தீப்பெட்டி எடுத்துக் கொடுக்கிற மனிதர். வெட்ட ஓர் அணி, வேகவைக்க ஓர் அணி, பரிமாற, கழுவ என்று அங்கேயே பிரித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஒன்றுதான் கேட்டார். "உப்பு யார் போடறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மடக்கிய விரல்களைப் பிரித்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "கோட்டு போட்ட அப்பன்மாருக்கு நடுவுல, கரண்டி பிடிக்கறவன் மகள்னு சொல்லிக்க அவளுக்குக் கூச்சமா இருக்கு போல," என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராகப் போய் மகளைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்: "அப்பா எந்த விருந்துலயாவது உக்காந்து சாப்பிட்டு நீ பாத்திருக்கியாம்மா?"

யோசித்தேன். எங்கள் கல்யாண விருந்திலேயே, யாரோ குழம்பை அடிபிடிக்க விட்டுவிட்டார்கள் என்று கோட்டைக் கழற்றிப் போட்டு அடுப்படிக்கு ஓடியவர். என் பக்கத்து நாற்காலி கடைசி வரை காலி.

"அப்பாகிட்ட சொல்லிடாத. சொன்னா, 'பரவால்லம்மா'ன்னு அடுப்புக்கே வந்துடுவாரு."

நான் சொல்லவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

விருந்தன்று மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். "எந்திரிக்கக் கூடாது. ஊருக்கே பரிமாறியிருக்கீங்க, உங்களுக்கு யாரும் பரிமாறி நான் பாத்ததே இல்ல. இன்னைக்கு நான் பரிமாறப் போறேன்."

அவர் மறுபக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சூப் வந்தது. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, ஒரு கல் உப்புகூட இல்லை. வெட்டியவர்கள் வேகவைப்பவர்கள் போடுவார்கள் என்றும், வேகவைத்தவர்கள் வெட்டியவர்கள் போட்டிருப்பார்கள் என்றும் இருந்துவிட்டார்கள். சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் கடைசியில்தான் வாயில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் குழுவின் கட்டுப்பாடு. அதனால் ஒருவரும் ருசி பார்க்கவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஹோட்டலில் அண்டாவையே கவிழ்த்த மனிதரைத் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டரம்மா உப்பு கேட்கக் கையைத் தூக்கினார். "கொஞ்சம் பொறுங்கம்மா, பிள்ளைங்க பாக்கறாங்க," என்று இவர் அடக்கினார். பிறகு கிண்ணத்தைக் காலி செய்து மகளிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

எல்லாரும் கை கழுவும் நேரத்தில் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அப்போதுதான் வாயில் வைத்திருக்கிறாள். "ஏம்பா, உப்பே இல்ல! நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சமைக்க வந்திருந்தா சொல்லியிருப்பேன்," என்றார். "சாப்பிட வந்தவன்மா நான்."

அப்போதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.