வோல்டேஜ் குறைந்த ஏரி

அண்ணி ஒரு ஏரியைச் செய்துகொண்டிருந்தாள். மருத்துவமனை ஒன்றின் காத்திருப்புக் கூடத்தில், சுவர் அகலத்துக்குத் திரையில் ஓடவேண்டிய படம் அது. மனிதர் இல்லை, படகு இல்லை. தண்ணீர் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருக்கும். அவள் வேலை முடிந்துவிட்டது. வரைந்ததைப் படம் படமாகக் கணக்கிட்டுத் தருவது கணினியின் பாடு. அதுதான் நகர்வேனா என்றது. சதுரம் சதுரமாக ஒரு படம் நிரம்புவதற்குள் அவளுக்குக் கண் சொக்கிவிடும்.

விடுமுறை நாளில் நாத்தனார் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்ப்பவள். முப்பது வயதாகியும் வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

"என்ன அண்ணி, ஏரி இன்னும் ரொம்பலயா?"

"மழை வந்தாத்தான் ரொம்பும் போல."

"நான் வரவைக்கறேன். கொஞ்சம் தள்ளுங்க."

வாலு கணினியின் மூளையான ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டினாள். வேகம் கூடினால் அது தடுமாறாமலிருக்க வோல்டேஜும் கூட வேண்டும் என்று அதையும் தாராளமாக ஏற்றினாள். சதுரங்கள் மளமளவென்று விழுந்தன. வெப்பமோ தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டது. விசிறிகள் அலறின, சூடு தாங்காமல் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் வந்த அண்ணன் பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தான்.

"ஈரத்துணி இருந்தா கொண்டாங்க, காயவச்சிடலாம்."

"போண்ணா, வேலையைப் பாத்துக்கிட்டு!"

வாலு பெட்டியைத் திறந்து தூசியை ஊதினாள். ப்ராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்துப் புதுசு தடவினாள். சூடு தணிந்தது. அவளுக்கு ஆசை விடவில்லை. வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வோல்டேஜை இம்மி இம்மியாக இறக்கிக்கொண்டே போனாள். இறக்க இறக்க அறை குளிர்ந்தது. விசிறிச் சத்தம் தூரத்து அலை போலாயிற்று. பாயில் சாய்ந்திருந்த இருவரும் எப்போது தூங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அண்ணி கண்விழித்தபோது திரையில் ஏரி நிறைந்திருந்தது. தண்ணீருக்கு அடியில் ஒரு வெளிச்சம். அவள் அங்கே எந்த விளக்கும் வைக்கவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று ஆழத்தில் மெல்ல மூச்சுவிடுவது போலிருந்தது.

"வாலு, இங்க பாரேன்."

வாலு பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஐயோ, கணக்குப் பிழை அண்ணி. வோல்டேஜ ரொம்ப இறக்கிட்டேன்." வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி, அந்தப் படத்தை மறுபடி கணக்கிட விட்டாள். புதுப்படம் பழையதன் மேலேயே போய் உட்கார்ந்து அதை அழித்துவிட்டது. ஏரி சரியாக இருந்தது. வெளிச்சம் இல்லை.

அண்ணி திரையை நெருங்கி உட்கார்ந்தாள்.

"அந்தத் தப்ப திரும்ப வரவைக்க முடியுமா?"

சாயங்காலம் வரை வாலு முயன்றாள். வோல்டேஜை இறக்கினாள், இன்னும் இறக்கினாள். ஒருமுறை கறுப்புச் சதுரங்கள் வந்தன. ஒருமுறை கணினி அப்படியே உறைந்து நின்றது. அந்த வெளிச்சம் மட்டும் வரவில்லை.

"என்னால போச்சு அண்ணி."

"உன்னாலதானே வந்துச்சு. அழாம சொல்லு, எப்படி இருந்துச்சு?"

"இளம் பச்சையா…"

"பச்சையா? மஞ்சள்டி. கண்ண மூடிக்கிட்டு வெயில்ல நின்னா தெரியுமே, அந்த மஞ்சள்."

இருவரும் கண்ணை மூடிக்கொண்டு சண்டை போட்டார்கள். பிறகு அண்ணி, பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறத்தைக் குழைத்து, நீருக்கடியில் தானே வைத்தாள். வாலு, பிழை வராத அளவுக்கு வோல்டேஜை நிறுத்தி, வெப்பம் எழுபதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாள். கணினி ஒருமுறைகூட முரண்டு பிடிக்காமல் வேலையை முடித்தது.

படம் ஓடத் தொடங்கியதும் இருவரும் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார்கள். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்திருந்த ஒருவர், பக்கத்திலிருந்த மனைவியின் தோளைத் தொட்டார்.

"உள்ள யாரோ விளக்கு போட்டிருக்காங்க, பாத்தியா?"

வாலு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி அவள் கையை அழுத்தினாள். உடம்புக்கு ஒன்றுமில்லாத அண்ணியும் வாலுவும், நோயாளிகளோடு நோயாளியாக, ஏரியைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.