நிறம் என்றொரு கட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். நான் கவிஞன்; அதாவது, வீட்டில் சும்மா இருப்பவன்.

முதல் தொடக்கம்: ‘செத்த மீன்கள் மிதந்த ஆற்றங்கரையில் அவள்…’

எட்டிப் பார்த்த அக்கா சிரித்துவிட்டாள். “டேய், அந்த ஆத்துல கடைசி மீன் செத்தே எட்டு வருஷம் ஆச்சு. மிதக்கறதுக்கு அங்க என்ன இருக்கு?”

(ஆற்றைப் பற்றி மூன்று தொகுப்புகள் போட்டிருக்கிறேன். ஒருநாள்கூட இறங்கிப் பார்த்ததில்லை.)

2

தினமும் காலையில் அவள் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு வருவாள். பதிவேட்டில் ‘நிறம்’ என்றொரு கட்டம் உண்டு. மற்றவர்கள் ‘கலங்கல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அக்காவுக்கு அது போதாது.

‘துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர்.’

‘சிவப்புப் பாவாடையின் மூன்றாவது அலசல்.’

‘இன்று நீலம். பாலத்தின் நிழல் விழவில்லை.’

இப்படி ஆறு வருஷம்.

3

ஆற்றில் கழிவைக் கலந்த சாய ஆலைமேல் வழக்கு வந்தது. நீதிமன்றம் பதிவேட்டைக் கேட்டது. பரிசோதனைக் கூடத்து மேலாளர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

“என்னம்மா, கதை எழுதி வச்சிருக்க? எல்லாத்தையும் ‘சாதாரணம்’னு மாத்து. இல்லேன்னா நாளையிலேருந்து வராத.”

[இங்கே அவள் மேசையைத் தட்டி முழங்குவதாக எழுதினேன். தலையிலடித்துக்கொண்டாள். “நான் எங்கடா அப்படிப் பேசினேன்? மெதுவாத்தான் சொன்னேன்.”]

அவள் சொன்னது இவ்வளவுதான்: “பாத்தத எழுதினேன் சார். பாக்காதத எழுத எனக்கு வராது.”

4

கவிதையால் ஆற்றுக்கு என்ன செய்ய முடியும் என்று கூட்டங்களில் கேட்பார்கள். நானும் நீட்டி முழக்குவேன். நீதிமன்றத்தில் அக்காவின் பதிவேட்டை வாசித்தார்கள். தேதி, நிறம், தேதி, நிறம். முதலில் கடகடவென்று வாசித்த குமாஸ்தா, போகப்போக நிறுத்தி வாசித்தார்.

“இது என்ன, கவிதையா?” என்று ஆலையின் வக்கீல் நக்கலடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“மேல படிங்க,” என்றார் நீதிபதி.

என் அக்கா! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. எங்கள் வீட்டுக் கவிஞர் அவள்தான்.

5

முடிவு ஒன்று: ஆலை மூடப்பட்டது.

முடிவு இரண்டு: ஆலை ஜெயித்து…

வேண்டாம். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அக்காவின் வேலை போனது மட்டும் நிஜம். ஆனாலும் காலையில் பாட்டிலோடு கிளம்பிவிடுகிறாள். நானும் நோட்டோடு போகிறேன். நேற்று ‘ஆற்றின் கண்ணீர்’ என்று எழுதினேன். கோடு போட்டு அடித்துவிட்டாள்.

உங்கள் ஊரிலும் ஆறோ குளமோ இருக்குமே? இறங்கிப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

இன்று, நிறம்: ______________

‘கலங்கல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அக்கா திருப்பி அனுப்பிவிடுவாள்.