அவரைப் பந்தலில் கறுப்புப் புழு

கடிகாரக்காரர் கடையை மூடிய மறுவாரமே அவர் மனைவி கண்ணை மூடிவிட்டாள். அவள் விட்டுப்போனது கொல்லையில் ஓர் அவரைப் பந்தல். இருபது வருடமாக அந்த மண்ணில் ஒரு சொட்டு மருந்து பட விட்டதில்லை. அவளே போய்விட்டாள், பந்தலையாவது காப்பாற்ற வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார்.

அங்கே வரும் பொறிவண்டுகள் என்றால் அவளுக்கு உயிர். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த வண்டு விரலில் ஏறிவிட்டால், அது தானாகப் பறக்கும்வரை அடுப்பில் பால் பொங்கினாலும் அசையமாட்டாள். "உங்க அக்கா பெத்த பிள்ளைங்க" என்று மைத்துனனிடம் கேலி பேசுவார். அந்தக் கேலிக்கும் சேர்த்துச் சிரிப்பாள் மகராசி.

இந்த வருடம் வண்டைக் காணோம். இலையடியெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. கூடவே ஆரஞ்சுக் கோடு போட்ட கறுப்புப் புழுக்கள், உடம்பெல்லாம் முள். முழியே சரியில்லை, கொடியைக் கெடுப்பது இவைதான் என்று முடிவுகட்டினார். தலைமுடி கனமுள்ள ஸ்பிரிங்கைப் பிடித்துப் பழகிய கை. பொழுது விடிந்தால் ட்வீசரும் சோப்புத் தண்ணீருமாகக் கிளம்பிவிடுவார். சோப்பு மருந்தில்லையே, அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். ஆனால் புழு குறையக் குறைய அசுவினி பெருகியது. கொடி சுருண்டது.

"இப்படியே விட்டா வேர்தான் மிஞ்சும், அத்தான். நாளைக்கு மருந்தோட வரேன். ஒரே தடவை" என்றான் மைத்துனன். வேறு வழி தெரியாமல் தலையாட்டினார்.

மறுநாள் காலை, ட்வீசரில் சிக்கிய புழு வாயில் எதையோ வைத்திருந்தது. பழக்கதோஷத்தில் லென்ஸைக் கண்ணில் செருகினார். அசுவினி. புழு அதைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து இலையில் இன்னொரு புழு கூடாகச் சுருண்டு ஒட்டியிருந்தது. அதன் தோல் வெடித்து, வெளிறிய மஞ்சளில் ஒரு வண்டு மெல்ல வெளியே வந்தது. காபி ஆறியது, வெயில் ஏறியது, அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணெதிரே அதன் முதுகில் ஒவ்வொரு பொட்டாகத் தெரியத் தொடங்கியது.

எத்தனை நூறை மூழ்கடித்தாரோ. இருந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, இலை இலையாகத் தேடினார். பதினொரு புழுக்கள் மிச்சம்.

மைத்துனன் தெளிப்பானோடு வந்தபோது பந்தலுக்குக் குறுக்கே நின்றார்.

"எடுத்துட்டுப் போயிடு, மாப்ளே. இதுங்கதான் அந்த வண்டோட குட்டிங்க. நானே கொன்னுட்டிருந்தேன்."

அவன் குனிந்து பார்த்தான். "இவ்வளவு வருஷத்துல அக்கா உங்ககிட்ட காட்டினதே இல்லையா?"

அவர் லென்ஸைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"தினமும்தான் கூப்பிடுவா. ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்கம்பா. கடைக்கு நேரமாச்சுன்னு நான்தான் ஒரு நாளும் வரல."