கண்ணாடிச்சிறகிக்கு ஆண் துணை

எங்கள் அலுவலகத்தில் பெயர் தெரிந்துகொள்ள விரும்பும் பூச்சிகள் நேரில் வர வேண்டும். காலை பத்து மணிக்கு டோக்கன் கொடுப்போம். செவ்வாய்க்கிழமை தத்துப்பூச்சிகளின் நாள். அவை வரிசையில் நிற்காமல் தத்திக்கொண்டே இருக்கும் என்பதால் அன்று மட்டும் நான் கொஞ்சம் கடுகடுப்பாக இருப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினேழாம் டோக்கனில் வந்தவள் தத்தவில்லை. மூன்று மில்லிமீட்டர் நீளம், பழுப்பு உடம்பு, கண்ணாடி போன்ற சிறகு, சிறகில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

"எம்பேரு என்னன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா. வியாழக்கெழம மருந்தடிக்க வர்றாங்க. வாய்க்கா கோரையில எரநூறு முட்ட வச்சிருக்கேன்."

விஷயம் புரிந்தது. நெல் வயலுக்குப் பக்கத்தில் பழுப்பாக, சிறிதாக எது இருந்தாலும் பயிரை அழிக்கும் புகையான் என்று எழுதிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. புகையான் என்றால் மருந்துதான். அரிய இனம் என்று எங்கள் சீட்டு இருந்தால், மருந்தடிப்பவர்கள் அந்தக் கோரையை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருமுறைகூட அவர்கள் இதில் தவறியதில்லை.

புத்தகத்தைத் திறந்தேன். அதில் பெயர்கள் நேரடியாக இருக்காது, கேள்விகள்தான் இருக்கும். பின்னங்காலில் அசையும் முள் உண்டா? உண்டென்றால் ஒன்பதாம் கேள்விக்குப் போக வேண்டும். அவள் காலை நீட்டினாள், முள் இருந்தது. முகத்தில் மேடு இரண்டா, மூன்றா? மூன்று. இருபத்தாறாம் கேள்வியில் விடை வந்தது. கண்ணாடிச்சிறகிப் பேரினம். எண்பத்து மூன்று ஆண்டுகளாக எவரும் பார்க்காதது. சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு சொட்டுக் கரும்புச் சாறு வைத்தேன்.

ஆனால் பேரினம் மட்டும் போதாது, இனமும் வேண்டும். கடைசிக் கேள்வி, ஆணின் வயிற்று நுனியில் உள்ள கொக்கி ஒற்றையா இரட்டையா என்பது.

"வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டேன்.

"போன மருந்துல போயிட்டாரு."

"அண்ணன், தம்பி?"

"எல்லாரும் ஒரே கோரையிலதாம்மா இருந்தாங்க."

தத்துப்பூச்சிகளில் பெண்ணைத் தனியாகப் பார்த்து இனம் சொல்லக் கூடாது. பெண்கள் எல்லாரும் ஒன்றுபோலவே இருக்கிறார்கள் என்பது புத்தகம் எழுதிய ஆண்களின் கருத்து. இதை ஆட்சேபித்து மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். ஓர் ஆணின் கையெழுத்தும் சேர்த்து அனுப்பவும் என்று கடிதம் திரும்பி வந்தது.

"என்னையப் பாத்தா தெரியலையாம்மா?"

எனக்குத் தெரிந்தது. ஆனால் தெரிவது வேறு, அடையாளம் காண்பது வேறு. சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

அலமாரியின் நாலாம் தட்டில், ஊசி குத்திய பெட்டிக்குள், கண்ணாடிச்சிறகி ஆண் ஒருவர் இருந்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, எங்கள் துறையில் அந்த ஒரு சோற்றுக்கு மாதிரி என்று பெயர். அந்த இனத்தில் யார் பிறந்தாலும் அவர் மாதிரி இருக்க வேண்டும். அவர் யார் மாதிரியும் இருக்கத் தேவையில்லை. ஊசியில் எண்பத்து மூன்று ஆண்டு பணி. பெட்டியைத் திறந்து விவரத்தைச் சொன்னேன்.

"எந்த ஊரு நீ?" என்று அவளைக் கேட்டார்.

"வடக்கு வாய்க்காங்கய்யா."

"நானும் அங்கதான். கோரை இன்னும் நிக்குதா?"

"வியாழக்கெழம வரைக்கும் நிக்கும்."

அவர் ஊசியில் சற்றுத் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு, தன் பெயரில் அவளைச் சேர்த்துக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்றார். அதற்கும் விதி இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே நாளில் பிடிபட்டிருந்தால்தான் ஆணின் பெயரைப் பெண்ணுக்குக் கொடுக்கலாம். அவருக்குக் கீழே குத்தியிருந்த சீட்டில் வடக்கு வாய்க்கால், தை 3 என்று எழுதி, எண்பத்து மூன்று ஆண்டுக்கு முந்தைய வருடம் போட்டிருந்தது.

"அந்தத் தேதியவே எனக்கும் போட்டுருங்க" என்றாள்.

"போடலாம். போட்டா அது நடந்ததா ஆயிடும். அன்னிக்கே உங்களப் புடிச்சாச்சுன்னு ஆகும். புடிச்சவங்கள ஊசியிலதான் வைப்போம்."

"முட்ட?"

"அதுவும் அன்னிக்கே வச்சதா ஆயிடும்."

"பேரோட வச்சதாவா?"

"பேரோடதான்."

அவள் சிறகுகளை ஒருமுறை விரித்து மடித்துக்கொண்டாள். "அப்ப எழுதுங்கம்மா. எழுத்து குண்டா இருக்கட்டும். மருந்தடிக்கிறவங்க தூரத்துலேருந்து பாப்பாங்க."

எழுதினேன். முப்பது வருட சர்வீஸில் என் கையெழுத்து அவ்வளவு அழகாக வந்ததில்லை. அழுதுகொண்டுதான் எழுதினேன், மையில் சொட்டாமல் பார்த்துக்கொண்டேன். பெட்டிக்குள் அவர் ஊசியோடு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மாலையில் சீட்டின் நகலைக் கோரையில் கட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மருந்தடித்தார்கள். அந்தக் கோரையைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்ததும் இருநூறு பேர் நின்றிருந்தார்கள். சிறகு முளைக்காத குஞ்சுகள். ஒவ்வொருவருக்கும் எண்பத்து மூன்று வயது. முதியோர் வரிசையில் உட்காரச் சொல்லி, மின்விசிறியை நிறுத்தினேன்.

"எங்கம்மா இங்கதான் வேல பாக்குறாங்களாமே?" என்றார் முன்னால் இருந்தவர்.

நாலாம் தட்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்த கிழவி மட்டும் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பச் சின்னப் பொண்ணா இருக்கே" என்றாள். "பொறந்து எத்தன நாளு?"

"இருபத்திரண்டு நாள்."

கிழவி மற்றவர்களிடம் போய் ஏதோ கலந்து பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"யாருமில்லாத புள்ள. நாங்க தத்து எடுத்துக்கறோம். என்னம்மா எழுதிக் குடுக்கணும்?"

அதற்கான படிவம் கீழ் டிராயரில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.