படகுத்துறையில் சோதனை

மகாபலேஷ்வரில் வெண்ணா ஏரியின் படகுத்துறைக்கு முன்னால் நின்ற வரிசை, சோளக்கதிர் சுடுகிறவனின் அடுப்பைச் சுற்றி வளைந்து குதிரைக்காரர்கள் வரைக்கும் போயிருந்தது. சதாரா ராஜா காலத்து ஏரி என்றார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு ஏரி தெரியவில்லை; முன்னால் நிற்கிறவரின் முதுகுதான் தெரிந்தது. மே மாதமாகையால் பம்பாயில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். காலையில் பார்த்த மூன்று 'பாயிண்ட்'டிலும் பள்ளத்தாக்கு இருக்கிற பக்கத்தை ஸ்ட்ராபெரி ஜாம் கடைகள் மறைத்திருந்தன.

கட்கி தமிழ்ச் சபையும் பிம்ப்ரி தமிழ்ச் சபையும் சேர்ந்து அமர்த்திய பஸ்ஸில் வந்திருந்த வேதமணிக்கு ஜாமோ ஏரியோ பொருட்டில்லை. அவர் மகள் ஜோஸ்பினை பிம்ப்ரி இன்பநாதன் குடும்பம் பார்க்கட்டும் என்றுதான் பாதிரியார் இரண்டு குடும்பத்தையும் இந்தப் பிக்னிக்குக்கு வரச் சொல்லியிருந்தார். பையன் ஆர்தருக்கு மருந்து கம்பெனியில் ஆபீஸ் வேலை என்று இங்கேயும், வேதமணிக்கு டிஃபென்ஸில் ஆபீஸ் வேலை என்று அங்கேயும் சொல்லி வைத்திருந்தார். வேதமணி வெடிமருந்துத் தொழிற்சாலையில் குண்டுக்குள் மருந்து அடைக்கிறவர். அது தெரிந்துதான் முன்பு ஒரு சம்பந்தம் நின்றுபோயிருந்தது.

"ஃபில்லிங் ரூம்பு பேச்ச எடுக்காதீய, சும்மா சிரிச்சா போதும்" என்று மனைவி பாக்கியவதி பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள். ஆகவே எந்த செக்‌ஷன் என்று இன்பநாதன் கேட்டபோது வேதமணி சிரித்தார். பதிலுக்கு ஆர்தரின் வேலையைப் பற்றி விசாரித்தார். இன்பநாதன் ஒரு வெள்ளைக் குதிரையைக் காட்டி, அது நல்ல குதிரை என்றார்.

வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்தது. கதவருகே காக்கிச் சட்டை போட்ட காவலாள் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினான். வேதமணி செருப்பைக் கழற்றினார். கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போய்விடாமல் தொழிற்சாலை வாசலில் தினமும் தடவிப் பார்ப்பார்கள். காக்கியைக் கண்டால் அவர் கை தானாக மேலே போகும்.

"அஹோ காகா, டிக்கெட் தாகவா," என்று டிக்கெட்டைக் காட்டச் சொன்னான் காவலாள்.

பாக்கியவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இது எந்த ஆபீஸ்ல பழகுனது?" என்று கேட்டார் இன்பநாதன்.

வேதமணி கையை இறக்காமலே சொன்னார்: "ஆபீஸ் இல்ல. குண்டுக்கு மருந்து அடைக்கேன்."

இன்பநாதனின் முகம் இறுகியது. மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடும் நோக்கத்தில் திரும்பினார். ஜோஸ்பினைத் தவிர எதையும் கவனிக்காமல் வந்துகொண்டிருந்த ஆர்தர், பெல்பாட்டமும் தானுமாக அதற்குள் காவலாளின் முன்னால் போய் நின்றிருந்தான். கைகள் மேலே இருந்தன. வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினான். மருந்து கம்பெனியில் மாத்திரை பாக்கெட் போடுகிறவர்கள் வெளியே வரும்போது, மாத்திரையை அடக்கிக்கொண்டு வருகிறார்களா என்று வாயையும் பார்ப்பார்கள்.

முதலில் சிரித்தது ஜோஸ்பின்தான்.

இன்பநாதன் கொஞ்ச நேரம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு வீட்டுக்கும் பாஸ்டரே ப்ரமோஷன் குடுத்துட்டாரு" என்றார்.

"சம்பளந்தான் ஏறல," என்றார் வேதமணி.

பிள்ளைகள் இருவரும் ஒரு படகில் போகட்டும் என்று இன்பநாதனே சொன்னார். பெரியவர்கள் அடுத்த படகில் ஏறினார்கள். பாக்கியவதி தூக்குச்சட்டியைத் திறந்து இன்பநாதனுக்கு முறுக்கு கொடுத்தாள்.

படகு துறையை விட்டு விலகியபோது வேதமணி திரும்பிப் பார்த்தார். காவலாளுக்கு ருசி பிடித்துவிட்டிருந்தது. இப்போது அவன் டிக்கெட் கேட்கவில்லை; தடியால் ஒரு சைகை காட்டினான். கட்கிக்காரர்களும் பிம்ப்ரிக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூலிங்கிளாஸ் போட்ட பம்பாய்க்காரர் ஒருவர் குடும்பத்தோடும் நாய்க்குட்டியோடும் வரிசைக்கு வெளியேயிருந்து நேராகக் கதவைக் கடந்து உள்ளே போனார். காவலாள் ஒரு கையால் அவருக்கு சலாம் வைத்தான். அவனுடைய மறு கை கட்கி சபையின் மூப்பர் ஆபிரகாமின் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது.