ஆறு முதல் ஏழு வரை

ஜெயவேலு நோன்புக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே நஃபீசாவின் மசோதாவைத் தோற்கடித்தார். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாக முடிந்திருக்காது. அவர் திட்டம் போட்டுச் செய்த காரியம் எதுவும் உருப்பட்டதாகச் சேலையூரில் சாட்சி கிடையாது.

கேம்ப் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயவேலு, போனுக்குள் சபாநாயகர். வெள்ளம் வந்த வருஷம், படகு எங்கே நிற்கிறது, பால் எங்கே கிடைக்கிறது என்று கேட்பதற்காகச் சில பேர் சேர்ந்து ஒரு டெலிகிராம் குழு ஆரம்பித்தார்கள். அது இரண்டாயிரம் பேரைத் தாண்டி வளர்ந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது, சண்டைதான் வடியவில்லை. அதனால் தெருவுக்கு ஒருவராகப் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு சபை வைத்தார்கள். மசோதா, விவாதம், ஓட்டு எல்லாம் போனிலேயே.

விதிகளை எழுதியது ஜெயவேலு. ஊர்ப் பத்திரங்களுக்கெல்லாம் நகல் எடுத்துப் பழகிய கை அல்லவா? ‘விவாதம் மூன்று நாட்களுக்கு மிகாமலும், வாக்கெடுப்பு ஒரு நாளுக்கு மிகாமலும், சபாநாயகர் நிர்ணயிக்கும் கால அளவில் நடைபெறும்’ என்று எழுதிவிட்டு, அந்த வரியை மனைவியிடம் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மிகாமல் என்று போட்டவருக்குக் குறையாமல் என்று ஒன்று போடத் தோன்றவில்லை.

நஃபீசா பக்கத்துத் தெரு உறுப்பினர். வீட்டிலேயே மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர். குழுவில் விளம்பரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போடலாம் என்று சட்டம். புதன்கிழமை மீன்குழம்பை ஞாயிற்றுக்கிழமை அறிவித்தால் யாருக்கு நினைவிருக்கும்? ஆர்டர் தேய்ந்து ஒரு நாளைக்கு ஐந்து சாப்பாடு என்று ஆகிவிட்டது. இப்படியே போனால் அடுப்பை அணைத்துவிட்டு, படப்பையைத் தாண்டி ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போகவேண்டியதுதான். வீட்டில் சமைப்பவர்கள் தினமும் காலையில் ஒரே ஒரு பதிவு போட அனுமதி வேண்டும் என்பதுதான் அவருடைய மசோதா.

விவாதம் மூன்று நாள் காரசாரமாக நடந்தது. குழு சந்தைக்கடை ஆகிவிடும் என்றார்கள் ஒரு கட்சியினர். இப்போது மட்டும் என்ன கச்சேரி மண்டபமா என்றார்கள் மறு கட்சியினர். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு நஃபீசா கடைக்கு வந்து, தூக்கில் கொண்டுவந்த கஞ்சியை மேஜையில் வைத்தார். ரம்ஜான் மாதம் முழுக்க அப்படித்தான், ஏழு வருஷப் பழக்கம். ஓட்டு நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் இருக்கும்தானே என்று கேட்டார். அதுவரை நடந்த வாக்கெடுப்பெல்லாம் முழுதாக ஒரு நாள் நடந்தவை. ஜெயவேலு ‘அறிவிப்பு வரும்மா’ என்றார். சொந்தக் கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தவரிடம் சபாநாயகர் தோரணை!

அன்றைக்கு ஏழரைக்கு இந்தியா மேட்ச். ஓட்டு நடந்துகொண்டிருந்தால் தன் ஓட்டு விழுந்ததா, மாற்றிப் போடலாமா என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஐந்து ஐம்பதுக்கு அறிவிப்பு போட்டார்: ‘சபையின் நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, அனைவரும் வீட்டிலிருக்கும் நேரமான மாலை ஆறு முதல் ஏழு வரை வாக்கெடுப்பு நடைபெறும்.’ பிறகு தூக்கைத் திறந்தார். பக்கத்துக் கடை வடையைக் கஞ்சியில் முக்கித் தின்றார். ஆறு இருபதுக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் காதில் விழுந்தது. விழுந்ததுதான் கொடுமை. காதில் வாங்கிக்கொண்டு, இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று மனக்கணக்குப் போட்டார்.

ஏழு மணிக்கு ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஏழு. ஓட்டுப் போடாதவர்கள் இரண்டே பேர்: நஃபீசாவும், டயர் கடை கிபாயத்துல்லாவும். இருவரும் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, போனைக் கையில் எடுத்தபோது சபை முடிந்திருந்தது. தோற்ற மசோதாவை ஆறு மாதத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது. அதுவும் ஜெயவேலு எழுதிய விதிதான்.

ஏழு பத்துக்கு நஃபீசாவிடமிருந்து செய்தி வந்தது: ‘சரி அண்ணா.’

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேட்ச் மழையால் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. தார்ப்பாயால் மூடிய மைதானத்தை டிவியில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் துணை சபாநாயகர் ஹேமாவதிக்குப் போன் செய்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், விதியைக் கரைத்துக் குடித்தவர். விதிப்படி தவறே இல்லை என்று அவர் சொன்னதும் ஜெயவேலுவுக்கு இன்னும் மோசமாக இருந்தது. சபாநாயகர், தான் ஏன் அப்படி நேரம் குறித்தார் என்று காரணம் எழுதிக் கொடுத்தால், சபை சம்மதித்து மறு ஓட்டு வைக்கலாம் என்றும் ஹேமாவதி சொன்னார். ஜெயவேலு அந்த இடத்தில் சிக்னல் சரியில்லாதவர் மாதிரி ‘ஹலோ, ஹலோ’ என்றார்.

அடுத்து டயர் கடை. கிபாயத்துல்லா ஜாக்கியைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

“இன்னா சார், பேரீச்சம்பழத்த வாய்ல வச்சிகினு திரும்பிப் பாக்கறேன், ஆட்சியே மாறிப்போய் கீது.”

தான் செய்தது தப்பா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்று ஜெயவேலு கெஞ்சினார். அவரோ, பேஜார் பண்ணாமல் உட்காரச் சொல்லி, தான் நோன்பிலிருந்துகொண்டு, ஜெயவேலுவுக்கு மட்டும் ஒரு டீ வரவழைத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. அதுவும் உறுத்தியது.

காரணம் எழுத மதியம் போனை எடுத்தார். மேட்ச் என்ற வார்த்தையை மூன்று தடவை அடித்து மூன்று தடவை அழித்தார். கடைசியில் எதையும் ஜோக்காக்கிவிடும் பழக்கதோஷம் ஜெயித்தது. ‘சபாநாயகரின் கடிகாரத்துக்கு வயதாகிவிட்டது, மன்னிக்கவும்’ என்று போட்டார். நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். அதில் நஃபீசாவின் பெயர் மட்டும் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போலக் கஞ்சி வந்தது. அளவுகூடக் குறையவில்லை. நஃபீசா தூக்கை வைத்துவிட்டு, நேற்றைய தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பினார். அது கழுவாமல் இருந்தது. ஜெயவேலு தலையைச் சொறிந்தார்.

“நஃபீசா, ஒரு நிமிஷம். எம்மேல கோவமா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. பரவால்ல.”

“எல்லாரும் பரவால்ல பரவால்லன்றாங்க. நீயாவது சொல்லும்மா.” கொஞ்சம் நிறுத்தி, மெஷின் மூடியைத் திறந்து மூடினார். “நேத்து ஏழரைக்கு மேட்ச் இருந்துச்சு. அதுக்காகத்தான் ஒரு மணி நேரம் வச்சேன். வேற ஒரு காரணமும் இல்ல.”

நஃபீசா வாசல் படியிலிருந்து உள்ளே வந்தார். பிறகு தூக்கை மேஜைமேல் திரும்ப வைத்தார்.

“கோவந்தாண்ணா. தோத்துப்போனதுக்கு இல்ல. எல்லாரும் பேசி, எல்லாரும் வோட்டுப் போட்டு, அதுல தோத்திருந்தா அது வேற. நோன்பு தொறக்கற நேரம் உங்களுக்குத் தெரியும். ஏழு வருஷமா அந்த நேரத்துல எங்க வூட்ல இன்னா நடக்குதுன்னு தெரியும். அப்படியிருந்தும் அனைவரும் வீட்டிலிருக்கும் நேரம்னு எழுதினீங்க. எங்க ரெண்டு பேர சேக்காமயே உங்களுக்கு அனைவரும் வந்துட்டாங்க. அதான் கோவம்.”

ஜெயவேலுவின் வாயில் ஒரு ஜோக் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினார்.

“இப்ப நான் இன்னாம்மா பண்ணட்டும்?”

“என்கிட்ட சொன்னத அப்படியே குரூப்ல எழுதுங்க. மேட்ச்சுக்காகத்தான் வச்சேன்னு. கடிகாரம் கிடிகாரம்னு எழுதாதீங்க. அதுக்கப்புறம் மறு வோட்டு வேணுமா வேணாமான்னு சபை சொல்லட்டும். வேணாம்னு சொன்னா நான் திங்கக்கிழமை படப்பைக்கு பஸ் ஏறிடுவேன். எழுதாம விட்டீங்கன்னா, அப்பவும் ஏறிடுவேன். ஆனா இனிமே உங்கள அண்ணான்னு கூப்பிட எனக்கு வாய் வராது.”