பதின்மூன்றாவது வெற்றி

இது நடந்தது பிப்ரவரியின் கடைசி ஞாயிறா, மார்ச்சின் முதல் ஞாயிறா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏரியின் மேல் உறைபனி அப்போது லாரி தாங்கும் கனத்தில் இருந்தது, அது நிச்சயம். அதையும் யாராவது மறுத்தால் சண்டைக்குப் போக மாட்டேன். எல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது என்று நம்பிய ஒருத்திக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

ஆர்டிஸ் ருவோனா பைக் லேக் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அரங்கில் இருபத்தாறு வருடமாக ஆட்டக் குறிப்பு எழுதிவந்தவள். யார் கோல் அடித்தார்கள், எத்தனையாவது நிமிடம், யாருக்குத் தண்டனை என்பதெல்லாம் அவள் பேனாவிலிருந்துதான் லீக் அலுவலகத்துக்குப் போகும். அவள் எழுத்தை யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு காலை அவள் அரங்க அலுவலகத்தில் இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிற ரெஜி, காலணியைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தான்.

"ஏய் ஆர்டிஸ், பட்டியல் வந்துடுச்சு. நாம அஞ்சாவது இடமாம்."

"காலங்காத்தால ஊத்திட்டு வந்தியா?"

"ஊத்தியிருந்தா நாலுன்னு தெரிஞ்சிருக்கும்."

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் எல்லாமே இருந்தது. எட்டுக் கல்லூரிகள் உள்ள அந்த லீக்கில், பருவ முடிவுக் கோப்பையின் முதல் சுற்றில் நாலாவது அணி ஐந்தாவது அணியைத் தன் சொந்த அரங்கில் எதிர்கொள்ளும். மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் போதும். பைக் லேக் வீட்டில் புலி, வெளியூரில் பூனை. தேசியப் போட்டிக்குப் பெரிய கல்லூரிகளைத் தரவரிசை பார்த்துக் கூப்பிடுவார்கள். பைக் லேக் போன்ற சிறிய கல்லூரிக்கு லீக் கோப்பை மட்டுமே கதவு. கடைசி வருடப் பையன்கள் ஒன்பது பேருக்கு அந்தக் கதவு இனி திறக்காது.

பைக் லேக்கும் ஹார்லன் கல்லூரியும் சமமான புள்ளிகளில் முடித்திருந்தன. அப்படி முடிந்தால் வெற்றிகளை எண்ணுவார்கள். கூடுதல் நேரத்திலும் சமமானால் ஆளுக்கொரு அடியாக முடிவு பார்க்கும் ஷூட்-அவுட்டில் ஜெயித்தது புள்ளி தரும், ஆனால் வெற்றி என்று எண்ணப்படாது. பைக் லேக்குக்குப் பதின்மூன்று வெற்றி என்று ஊரே விரல் மடக்கி வைத்திருந்தது. பட்டியலில் இருந்தது பன்னிரண்டு. ஹார்லனுக்கும் பன்னிரண்டு. கோல் வித்தியாசத்தில் ஹார்லன் முந்திக்கொண்டது.

காணாமல் போன வெற்றி எது என்று ஆர்டிஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஜனவரியில் இதே ஹார்லனோடு ஆடியது. ஐந்து நிமிடக் கூடுதல் நேரம் முடிய ஒரு நொடி இருக்கையில் கைல் சவேலா அடித்த கோல். நாலு வருடத்தில் அவன் அடித்த ஒரே கோல். அதை ஷூட்-அவுட் என்று போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சமமான புள்ளிதான் என்பதால் ஆறு வாரமாக யார் கண்ணிலும் படவில்லை.

திங்களன்று லீக் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள். எடுத்தவன் பெயர் ப்ரெஸ்டன்.

"தாள்ல ஷூட்-அவுட் கட்டத்துல டிக் இருக்கு மேடம்."

"இருக்காது. எழுதினது நான்."

"இருக்குங்க. திருத்தம் இருந்தா நாப்பத்தெட்டு மணி நேரத்துல சொல்லணும். ஆறு வாரமாச்சு."

"அதே தாள்ல சவேலா கோல்னு இருக்கா இல்லையா? நாலு நிமிஷம் அம்பத்தொம்போது செகண்டு. ஷூட்-அவுட்ல நேரம் ஏதுப்பா?"

"கோலை நாங்க ஒத்துக்கறோம் மேடம். அவர் பேர்ல ஏறியிருக்கு."

"கோல் உண்டு, ஜெயிச்சது மட்டும் கிடையாதா?"

"கெடு முடிஞ்சிடுச்சுங்க மேடம்" என்று அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். அதுதான் அவளைப் பற்றவைத்தது.

அன்று மாலையே உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். 'படிக்கத் தெரியாதவர்கள் கையில் நம் லீக்' என்று தொடங்கியது அது. பெட்ரோல் பங்க் வாசலில் யாரோ படுக்கை விரிப்பில் பெரிதாக '13' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். ஊர் முழுக்க ப்ரெஸ்டனின் தொலைபேசி எண் பரவியது. பல் மருத்துவர்கூட அவனைக் கூப்பிட்டுத் திட்டியதாகக் கேள்வி.

செவ்வாயன்று, அவன் முகத்தில் விட்டெறிய ஓர் ஆதாரம் வேண்டுமென்று, இரும்பு அலமாரியில் அந்த ஆட்டத் தாளின் மஞ்சள் நகலைத் தேடி எடுத்தாள் ஆர்டிஸ்.

டிக் இருந்தது.

அவள் போடும் டிக்கின் வால் எப்போதும் இடப்பக்கம் சற்று வளையும். இதிலும் வளைந்திருந்தது.

அவள் உட்கார்ந்தாள். தளத்துக்கு அடியில் குளிர்விக்கும் இயந்திரம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. அப்போதுதான் அந்த ஜனவரி ஆட்டம் நினைவுக்கு வந்தது. கோல் நேரத்துக்குள் விழுந்ததா என்று நடுவர்கள் வீடியோ பார்க்கப் போய் ஏழு நிமிடம் வரவில்லை. 'செல்லாது, ஷூட்-அவுட்தான்' என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சும்மா உட்காரத் தெரியாதவள் அவள். காத்திருக்கும் நேரத்தில் தாளை முன்கூட்டியே நிரப்பி வைப்பது அவள் வழக்கம். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. நடுவர் வந்து கோல் என்று கை காட்டினார், அரங்கம் அதிர்ந்தது, அவள் சவேலாவின் பெயரை எழுதினாள். ஷூட்-அவுட் கட்டத்தில் முன்பே போட்டிருந்த டிக்கை நீக்கவில்லை.

தாளோடு பயிற்சியாளர் ப்ருசாக்கிடம் போனாள். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மடித்து அவளிடமே நீட்டினார்.

"ஆர்டிஸ், இதை வந்த இடத்துலயே வெச்சிடுங்க."

"என்ன சொல்றீங்க?"

"பசங்க ரெண்டு நாளா பறக்கறாங்க. இப்படி ஒரு கோபத்தை நான் நாலு வருஷமா ஊட்டப் பாத்தேன், வரல. வியாழக்கிழமை பஸ் ஏறணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது அலமாரியில தூங்கட்டுமே."

"அந்த லீக் ஆபீஸ் பையனை ஊரே வாய்க்கு வந்தபடி பேசுது."

"அவன் என்ன, அழுதுடுவானா?"

அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "உங்க பசங்க பொய்யிலதான் ஓடுவாங்கன்னா, அவங்களுக்கு ஸ்கேட்டிங்கே நீங்க சொல்லித் தரல."

மஞ்சள் தாளை அரங்கின் கண்ணாடிக் கதவில் ஒட்டினாள். கீழே எழுதினாள்: 'டிக் நான் போட்டது. கோல் சவேலா அடித்தது. தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள்.' இதையே கையெழுத்திட்டு லீக்குக்கும் அனுப்பினாள். ப்ரெஸ்டனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் படுக்கை விரிப்பு இறங்கியிருந்தது. காபிக் கடையில் அவளைக் கண்டதும் பேச்சு வானிலைக்குத் தாவியது. ரெஜி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உனக்குப் பேனா குடுத்தவனத்தான் உதைக்கணும். பென்சில் போதும்னு அன்னிக்கே சொன்னேன்."

"எழுந்து போயிடு ரெஜி."

"போறேன். காபி வரட்டும்."

அன்று பயிற்சி முடிந்து சவேலா அரங்க அலுவலகத்துக்கு வந்தான். தலைக்கவசத்தை அவள் மேசையில் வைத்தான்.

"நான் அடிச்சேன்தானே ஆர்டிஸ்?"

"அடிச்ச. என் கண்ணு முன்னாடி."

"அப்ப அது போதும் எனக்கு."

"போதாது!" அவள் மேசையில் அடித்ததில் காபி தளும்பியது. "போதும்னு சொல்லாத. நீங்க போதும் போதும்னு சொல்றதாலதான் அந்த லீக் ஆபீஸுக்கு இத்தனை தைரியம். தப்பு பண்ணினது நான். ஐஸ் மேல ஓடினது நீ. என் தப்புக்கு நீ எதுக்குடா அஞ்சு மணி நேரம் பஸ்ல போகணும்?"

வியாழன் காலை, பஸ் கிளம்பும் முன் லீக்கிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. விளக்கத்துக்கு நன்றி. நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு முடிந்துவிட்டதால் மாற்றமில்லை.

ஆர்டிஸ் அதைப் பலமுறை படித்தாள். தாள் இப்படித்தான் சொல்கிறது என்றார்கள் முதலில். எழுதியவளே வந்து தாள் பொய் என்கிறாள், அப்போதும் தாளே பெரிதாம். அந்த கோலை வாங்கிக்கொண்ட ஹார்லன்காரர்கள் உட்பட அரங்கில் இருந்த இரண்டாயிரம் பேரின் கண் பெரிதில்லையாம். தன் தவறுக்காக அவளுக்கு வந்த வெட்கம் ஒரு பக்கம் இருந்தது. அது அவள் கோபத்தில் ஒரு துளியைக்கூடக் குறைக்கவில்லை. குறைய வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

ஹார்லனில் பைக் லேக் வெள்ளியன்று தோற்றது, சனியன்று ஜெயித்தது, ஞாயிறன்று கூடுதல் நேரத்தில் ஒரு கோலில் தோற்றது. ஹார்லன் அடுத்த சுற்றிலேயே வெளியேறியது. சவேலா அதன்பின் எங்கும் ஆடவில்லை. இப்போது மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறான். ப்ருசாக் மறு வருடம் வேறு கல்லூரிக்குப் போனார். ப்ரெஸ்டன் லீக் வேலையை விட்டுவிட்டான். ரெஜி இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறான். ஆர்டிஸ் மேலும் மூன்று பருவம் குறிப்பு எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாள். நாற்பத்தெட்டு மணி நேர விதியை எதிர்த்து வருடத்துக்கு ஒரு கடிதம் இப்போதும் அனுப்புகிறாள். விதி மாறவில்லை.